180 கிலோவுக்குள் ஒரு படுக்கை வண்டி: ஏடிவி இழுக்கும் ஒற்றை ஆள் கேம்பர்

400 முதல் 500 சிசி வரையிலான ஏடிவிகள் (எந்தத் தரையிலும் ஓடும் நான்கு சக்கர வண்டிகள்) பலவற்றின் கையேட்டில் இழுவை வரம்பு ஏறத்தாழ 385 முதல் 600 கிலோ வரை போட்டிருக்கும். அதைப் பார்த்து, "350 கிலோவில் கட்டினால்கூட மிச்சம் இருக்கிறதே" என்று கணக்குப் போடுவதில்தான் பல கேம்பர்கள் தொடக்கத்திலேயே தோற்றுப்போகின்றன. நல்ல தரையில் மெதுவாகப் போகும் வண்டிக்குப் பொருந்தும் எண் அது. 20 டிகிரி ஏற்றத்தில் ஈரமண்ணில் ஏறும்போதும், அதே சரிவில் பிரேக் இல்லாத ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போதும் அந்த வரம்பை நம்பிப் பயனில்லை. மேடுபள்ளப் பாதைக்கு என்றால் கையேட்டு எண்ணில் பாதியைக்கூடத் தொடாமல் இருப்பது நல்லது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி ஒருவர் படுக்கும் கேம்பர். சாமான், தண்ணீர், எரிபொருள் எல்லாம் சேர்த்து 180 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது முதல் நிபந்தனை. மொத்த அகலம் 1200 மி.மீ.க்குள் அடங்க வேண்டும் என்பது இரண்டாவது. இழுக்கும் ஏடிவியின் அகலமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஏடிவி நுழைந்த இடைவெளியில் ட்ரெய்லரும் தானாக நுழைய வேண்டும். மற்ற எல்லா முடிவுகளும் இந்த இரண்டிலிருந்தே பிறக்கின்றன.

சக்கரம் வெளியே, உடல் நடுவே

அகலம் 1200 என்று தீர்ந்ததும் எழும் கேள்வி, பெட்டியைச் சக்கரங்களுக்கு மேலே வைப்பதா, இடையே வைப்பதா என்பது. மேலே வைத்தால் இரண்டு பேர் படுக்கலாம், ஆசை வரும். ஆனால் 22 அங்குல டயரின் உயரமே 560 மி.மீ. அது மேலும் கீழும் ஆட 60 முதல் 80 மி.மீ. இடம் விட்டால் தரைப்பலகை 640க்கு மேல் போய்விடும். மொத்த ஈர்ப்பு மையம் 800 மி.மீ. வாக்கில் வரும். இடையே வைத்தால் தரைப்பலகை 400 மி.மீ. உயரத்திலும், ஈர்ப்பு மையம் 550 மி.மீ. உயரத்திலும் நிற்கிறது.

சக்கரங்களின் மையத்துக்கு மையம் தூரம் 1018 மி.மீ. அதில் பாதியான 509ஐ ஈர்ப்பு மைய உயரத்தால் வகுத்தால் கவிழும் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். 550 உயரத்துக்கு 43 டிகிரி, 800க்கு 32 டிகிரி. இந்தப் பதினோரு டிகிரி காகிதத்தில் சின்னதாகத் தெரியும். பக்கச் சரிவு 15 டிகிரி உள்ள பாதையில் மேட்டுப்பக்கச் சக்கரம் 150 மி.மீ. கல் ஒன்றில் ஏறினால் இன்னும் 8 டிகிரி கூடி 23 ஆகிறது. பள்ளப்பக்க டயர் நசுங்குவதும் வண்டி ஆடுவதும் அதற்கு மேல். நின்ற நிலைக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குதான் ஓட்டத்தில் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், 32 டிகிரி வண்டி இங்கே கவிழும்.

ஆகவே பெட்டி: வெளி அகலம் 780, நீளம் 2100, அதிக உயரம் 950 மி.மீ. இருபுறமும் 30 மி.மீ. இடைவெளி, 178 மி.மீ. டயர், கூட்டினால் 1196.

எடைப் பட்டியல்

இதை மரம் வாங்குவதற்கு முன்பே எழுத வேண்டும். பிறகு எழுதினால் அது பிரேதப் பரிசோதனை அறிக்கை.

சேஸி, 40×40×2 மி.மீ. சதுரக் குழாய் 7 மீட்டர்: 16 கிலோ
டிராபார் (ஏடிவியோடு இணைக்கும் இழுவைத் தண்டு), 50×50×3 மி.மீ. குழாய் 2 மீட்டர்: 8.5
பிராக்கெட், முட்டுத் தகடுகள்: 3
ரப்பர் டார்ஷன் அரை ஆக்ஸில் (உள்ளிருக்கும் ரப்பர் குலுக்கலை வாங்கும் அச்சு) இரண்டு: 8
ஹப் (சக்கரம் பூட்டும் மையப் பகுதி), பேரிங்: 5
22×7-10 டயரும் ரிம்மும், இரண்டு: 18
மட்கார்டு 2, ஹிட்ச் (இணைப்புக் கொக்கி) 3, பாட்டரி ஒயரிங் 3
பக்கச் சுவர் இரண்டு: 15
கூரையும் முன்பின் வளைவும்: 12
தரைப்பலகை: 11
மரச் சட்டங்கள்: 9
துணி உறை, பெயின்ட்: 5
கதவு, ஜன்னல்: 5
மெத்தை: 3

வெறும் வண்டி 126.5 கிலோ. இதற்கு மேல் 20 லிட்டர் தண்ணீர், சமையல் சாமான் 10 கிலோ, கருவிகளும் எரிபொருளும் 11, துணியும் போர்வையும் 10; ஆக 51. மொத்தம் 177.5. மீதி இரண்டரைக் கிலோ. அதையும் ஏதாவது ஒன்று தின்றுவிடும். பெரும்பாலும் திருகாணிகளும் சிலிக்கோனும்.

பிளைவுட் விஷயத்தில் தராசை மட்டும் நம்ப வேண்டும். 1220×2440 அளவில் 3 மி.மீ. தாள் ஒன்று, அடர்த்தி கனமீட்டருக்கு 550 கிலோ என்றால், ஏறத்தாழ 4.9 கிலோ இருக்கும். ஆறு கிலோவைத் தாண்டும் தாள் கடின மர பிளை. மேசைக்கு நல்லது, இதற்கு வேண்டாம். மொத்தப் பரப்பு 7.7 சதுர மீட்டர். முழுவதையும் 12 மி.மீ. பிளைவுட்டில் அடித்தால் லேசான பிளையிலேயே 51 கிலோ, கடின பிளையில் 65 கிலோ ஆகும். இங்கே வைத்திருக்கும் சாண்ட்விச் அடுக்கில், அதாவது மெல்லிய பிளை இரண்டுக்கு நடுவே ஃபோம் வைத்ததில், அது 38.

கொக்கிச் சுமை

ட்ரெய்லர் ஹிட்ச் மேல் செங்குத்தாக அழுத்தும் எடைதான் கொக்கிச் சுமை. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பது பழகிய அளவு. ஏடிவி கையேட்டில் இதற்குத் தனி வரம்பு இருக்கும். இழுவை வரம்பைப் பார்ப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

பெட்டியின் முன்விளிம்பை சுழியாக வைத்துக்கொள்வோம். ஹிட்ச் பின் அதற்கு 1.0 மீட்டர் முன்னால், ஆக்ஸில் 1.2 மீட்டர் பின்னால். இரண்டுக்கும் இடையே 2.2 மீட்டர். ஒவ்வொரு பொருளின் எடையையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் 0.92 மீட்டரில் வருகிறது. அது ஆக்ஸிலுக்கு 0.28 மீட்டர் முன்னால். 177.5ஐ 0.28ஆல் பெருக்கி 2.2ஆல் வகுத்தால் 22.6 கிலோ, அதாவது 12.7 சதவீதம். தண்ணீர் கேன் 1.0 மீட்டரில், ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால், தரைமேலேயே இருக்கும்போது கிடைக்கும் எண் இது.

அதே கேனைச் சமையல் பெட்டியோடு பின்கோடியில், 1.9 மீட்டரில் வைத்தால் என்ன ஆகும்? ஒரு கிலோகூடக் கூடவில்லை. ஆனால் கொக்கிச் சுமை 8 கிலோ குறைந்து 14.4க்கு இறங்குகிறது. எட்டு சதவீதம். சமதரையில் இது தெரியாது. ஏற்றத்தில் தெரியும். ஈர்ப்பு மையம் ஹிட்ச்சைவிட 150 மி.மீ. உயரத்தில் இருப்பதால், சரிவில் எடையின் ஒரு பகுதி பின்னோக்கி இழுத்து மூக்கைத் தூக்கப் பார்க்கும். 20 டிகிரி ஏற்றத்தில் இதனால் மட்டும் 4 கிலோ போய்விடுகிறது. 22.6 இருந்தது 17 ஆகும், 14.4 இருந்தது 9.5 ஆகும். பள்ளத்தில் இறங்கி ஏறும் குலுக்கலில் அந்த 9.5 அவ்வப்போது எதிர்ப்பக்கம் திரும்பி ஏடிவியின் பின்சக்கரங்களை மேலே தூக்கும். சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை என்ற புகாரின் காரணம் பலமுறை டயரில் இல்லை, தண்ணீர் கேன் இருக்கும் இடத்தில் இருக்கிறது.

கொக்கிச் சுமை அளவுக்கு மேல் போகக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. அந்த ஏற்றத்தில் ட்ரெய்லரை இழுக்க ஈரமண்ணின் தடையையும் சேர்த்து ஏறத்தாழ 760 நியூட்டன் விசை தேவை. ஹிட்ச் உயரம் 400 மி.மீ., ஏடிவியின் முன்பின் சக்கர இடைவெளி 1280 மி.மீ. என்றால், இந்த இழுவை மட்டுமே முன்சக்கரங்களிலிருந்து 24 கிலோவை எடுத்துவிடும். கொக்கிச் சுமை இன்னும் ஐந்தாறு கிலோ. முன்பக்கம் 30 கிலோ லேசான ஏடிவி ஏற்றத்தில் திரும்ப மறுக்கும், மூக்கைத் தூக்கும். முன் ரேக்கில் 10 கிலோ சாமான் வைப்பது இதற்கு நல்ல மருந்து. ஹிட்ச்சை ரேக் மட்டத்துக்கு உயர்த்துவது விஷம்.

டிராபாரும் அது முறியும் இடமும்

டிராபாரின் நீளத்தை ஏடிவியின் பின்மூலைகள் தீர்மானிக்கின்றன. ஹிட்ச் பின்னிலிருந்து பின்டயரின் வெளிமூலை வரை அளந்து, அதைவிடக் குறைந்தது 200 மி.மீ. கூடுதலாகப் பெட்டி தள்ளி நிற்க வேண்டும். 700 மி.மீ. மூலைத் தூரத்துக்கு ஒரு மீட்டர் வசதியாகப் போதும். பின்னோக்கி ஓட்டும்போதும் நீண்ட டிராபார் மெதுவாக மடங்கும். குட்டையானது கண்ணிமைப்பதற்குள் மடங்கிவிடும்.

இரண்டு மீட்டர் குழாயில் ஒரு மீட்டர் வெளியே, ஒரு மீட்டர் பெட்டிக்கு அடியில். முன் குறுக்குச் சட்டத்திலும் இரண்டாவது குறுக்குச் சட்டத்திலும் கட்டுகிறோம். முறிவு எப்போதும் முன் குறுக்குச் சட்டத்தின் விளிம்பில்தான். குழியில் விழும்போது கொக்கிச் சுமை மூன்று மடங்காகிறது என்று எடுத்துக்கொண்டால், அந்த இடத்தில் வளைவுத் திருப்பம் (குழாயை வளைக்கப் பார்க்கும் திருப்புவிசை) சுமார் 650 நியூட்டன் மீட்டர். 50×50×3 குழாயில் இது 78 மெகாபாஸ்கல் தகைவு தரும். 40×40×2 குழாயில் 177. சாதாரண இரும்பு 250 வரை தாங்கும் என்று சமாதானம் சொல்லலாம்; ஆனால் வெல்டிங் ஓரத்தில், ஆயிரக்கணக்கான குலுக்கல்களில், அந்த 177 விரிசலாகத் திறக்கும். எடையை மிச்சப்படுத்தப் பார்த்து இங்கே தோற்க வேண்டாம்.

டிராபாரின் அடிமுகத்தில் குறுக்காக வெல்டிங் ஓட்டவே கூடாது. குறுக்காக ஓடும் வெல்டிங்கின் ஓரம்தான் விரிசலுக்கு வாசல். 4 மி.மீ. தகட்டை வைர வடிவில் வெட்டி, இரு பக்கவாட்டு முகங்களிலும் நீளவாட்டில் வெல்டிங் செய்து, அந்தத் தகட்டைக் குறுக்குச் சட்டத்தோடு இணைக்க வேண்டும். குழாயின் திறந்த முனைகளை மூடி, அடியில் 6 மி.மீ. வடிகால் துளை விட்டுவைத்தால் உள்ளே துரு தேங்காது.

ஹிட்ச் வகையில் ஒரு கண்டிப்பு: உருண்டை மேல் கவிழ்ந்து உட்காரும் சாதாரண பால் (ball) ஹிட்ச் இதற்கு ஆகாது. சாலை ட்ரெய்லருக்கென்று வந்த அந்த அமைப்பு பக்கவாட்டில் சற்றே சுழன்றதும் இடித்து நின்றுவிடும். ஏடிவி ஒருபக்கமும் ட்ரெய்லர் மறுபக்கமும் சாயும் பாதையில் கப்ளர் உதடு விரியும், இல்லையேல் டிராபார் முறுக்கப்படும். தன் அச்சில் முழுச் சுற்று திரும்பும் சுழல் ஹிட்ச் வேண்டும்: 25 மி.மீ. தண்டு, அதைச் சுற்றி பித்தளை புஷ், பின்னால் காசில் நட், அதற்கு ஸ்ப்லிட் பின். முன்னால் இரட்டைக் காது கொண்ட கிளெவிஸும் 16 மி.மீ. பின்னும். பாதுகாப்புச் சங்கிலி தனி. அது சுழலும் பகுதிக்குப் பின்னால், டிராபாரிலேயே கோக்கப்பட வேண்டும்.

சக்கரமும் குலுக்கலும்

ரப்பர் டார்ஷன் ஆக்ஸில் வாங்கும்போது "எதற்கும் இருக்கட்டும்" என்று 500 கிலோ ஜோடியை எடுப்பது மிகப் பரவலான தவறு. இங்கே சக்கரங்கள் மேல் வருவது 155 கிலோ. 500 கிலோ ரப்பர் இந்தச் சுமைக்கு அசையவே அசையாது. எட்டு கிலோ இரும்பைச் சும்மா சுமந்ததாகும். ஜோடிக்கு 200 முதல் 250 கிலோ போதும்.

டயர் அழுத்தம் 5 முதல் 7 பிஎஸ்ஐ. ஒவ்வொரு டயர் மேலும் 78 கிலோதான் இருக்கிறது. கார் நினைப்பில் 15 ஏற்றினால் வண்டி பந்தாகக் குதிக்கும். உள்ளே இருக்கும் ஸ்டவ் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போகும். ஐந்துக்குக் கீழே போனால் பக்கச் சரிவில் டயர் ரிம்மை விட்டுக் கழலலாம்.

போல்ட் அமைப்பை ஏடிவியோடு ஒத்துப்போகச் செய்ய முடிந்தால் ஒரே உதிரிச் சக்கரம் இரண்டுக்கும் ஆகும். ஹோண்டா, யமஹா ஏடிவிகள் பலவற்றில் 4 போல்ட் 110 மி.மீ. வட்டம், கேன்-ஆமில் 137, போலாரிஸில் 156. ட்ரெய்லர் ஹப்களில் பரவலாகக் கிடைப்பது 101.6. எதுவும் கையால் தள்ளிப் பொருத்த முடியாத வித்தியாசம். ஹப் வாங்குமுன் அளந்துவிட வேண்டும்.

பேரிங் நட்டைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத் தளர்த்தி ஸ்ப்லிட் பின் போட வேண்டும். ஓடிச் சூடான ஹப் ஓடையில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பால்போல் வெளுத்த கிரீஸ் கண்டால் அதுதான் காரணம். ஸ்பிரிங் வைத்த கிரீஸ் கேப் இதைப் பெருமளவு தடுக்கும்.

பெட்டி

தேவைப்படுவது: 3 மி.மீ. பிளைவுட் 7 தாள், 6 மி.மீ. ஒன்று, 4 மி.மீ. ஒன்று, 20 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஃபோம் (கெட்டியான பாலிஸ்டைரீன் பலகை) 6.1 சதுர மீட்டர், 25 மி.மீ. ஃபோம் 1.7, 40×20 மென்மரச் சட்டம் 25 மீட்டர், பாலியூரித்தேன் பசை 3 கிலோ. சுவரும் கூரையும் பிளை, ஃபோம், பிளை என்று 3+20+3. தரை அடியில் 6, நடுவே 25, மேலே 4.

இரண்டு பக்கச் சுவர்களின் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று கிளாம்ப் போட்டு ஒரே தடவையில் வெட்ட வேண்டும். தனித்தனியாக வெட்டினால் வரும் 3 மி.மீ. வித்தியாசம் கூரை வளைக்கும்போது முறுக்காக வந்து நிற்கும். ஃபோமின் வழவழப்பான மேல்தோலை 80ஆம் நம்பர் மணல்தாளால் தேய்க்காமல் பசை தடவினால், பசை தோலில் ஒட்டும், தோல் ஃபோமிலிருந்து உரியும். பாலியூரித்தேன் பசை ஈரத்தால் இறுகுவது. ஆகவே பிளையின் முகத்தில் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. பிறகு மேலே மணல் மூட்டைகளைப் பரப்பி இரவு முழுவதும் விட வேண்டும். நுரைக்கும் பசை பலகையைத் தூக்கிவிடும் என்பதால் ஓரத்தில் மட்டும் எடை வைத்தால் நடுவில் வயிறு தள்ளும்.

கரைப்பான் கலந்த கான்டாக்ட் பசையும் பாலியஸ்டர் ரெசினும் எக்ஸ்பிஎஸ் ஃபோமைக் கரைத்துவிடும். கண்ணாடி இழை போட விரும்பினால் எபாக்சி மட்டும்.

போல்ட் போகும் ஒவ்வோர் இடத்திலும், கதவுக் கீல், தாழ், சேஸி இணைப்பு, விளக்கு எதுவானாலும், ஃபோமை வெட்டி எடுத்து மரக்கட்டை பதிக்க வேண்டும். இதை ஒட்டுவதற்கு முன்பே செய்தாக வேண்டும். வெறும் ஃபோம் மேல் இறுக்கிய போல்ட் முதல் நாள் உறுதியாக இருக்கும். ஃபோம் நசுங்க நசுங்கத் தளரும். தளர்ந்த துளை வழியே நீர் இறங்கும். இத்தகைய பெட்டிகள் அழுகத் தொடங்குவது கூரையைவிட இந்தத் துளைகளில்தான் அதிகம்.

பின்வளைவின் ஆரம் 350 மி.மீ. உள் பிளையை வெந்நீர்த் துணியால் ஒரு மணி நேரம் மூடி வைத்தபின் மெதுவாக வளைக்கலாம். மேல் அடுக்கின் மர இழை வளைவுக்குக் குறுக்காக ஓட வேண்டும். ஃபோமில் 20 மி.மீ.க்கு ஒரு வெட்டு, முக்கால் ஆழத்துக்கு. அதன்மேல் வெளிப்பிளை.

வெளி உறைக்குக் காடாத்துணியும் நீர்தாங்கும் மரப்பசையும், அதன்மேல் மூன்று பூச்சு அக்ரிலிக் வெளிப்பூச்சும். கண்ணாடி இழை இதைவிட உறுதி; ஆனால் மரக்கிளை கீறிய துணியைக் காட்டிலேயே ஒட்டிவிடலாம்.

கதவு சக்கரத்துக்கு முன்னால் வர வேண்டும். டயர் 0.92 மீட்டரிலிருந்து தொடங்குவதால், 0.22க்கும் 0.82க்கும் இடையே 600 மி.மீ. அகலம் கிடைக்கிறது. மூலைகள் குறைந்தது 75 மி.மீ. ஆரத்தில் வளைந்திருக்க வேண்டும். சதுர மூலையில் பிளை கீறும். கீல் முன்பக்கம். ஜன்னல் பாலிகார்பனேட்டின் திருகுத் துளைகள் திருகைவிட 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், வெயிலில் அது நீளும்.

பெட்டியை எட்டு 8 மி.மீ. போல்ட்களால், இடையே 5 மி.மீ. ரப்பர் வைத்து, சேஸியில் கட்ட வேண்டும். ரப்பர் இல்லாவிட்டால் சேஸியின் முறுக்கல் கதவுச் சட்டத்துக்குப் போய், கதவு மாட்டிக்கொள்ளும்.

மூச்சு

இவ்வளவு இறுக்கமாகக் கட்டிய பெட்டியில் மறக்கப்படுவது இதுதான். உள்ளே காற்றின் அளவு சுமார் 1.1 கனமீட்டர். தூங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 13 லிட்டர் கரியமில வாயுவை வெளியிடுவார். முற்றிலும் மூடியிருந்தால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு சதவீதத்துக்கு மேல் ஏறும். மூன்றாவது மணியில் தலைவலி, வேகமான மூச்சு. ஆகவே தரையோரம் ஒன்றும் கூரையோரம் எதிர்மூலையில் ஒன்றுமாக, தலா 60 முதல் 80 சதுர செ.மீ. திறப்பு, மூட முடியாத வகையில். பூச்சிவலை போட்டால் பரப்பை ஒன்றரை மடங்காக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் 10 மி.மீ. பட்டைகள் வைத்தால் மூச்சின் ஈரம் அங்கே தேங்கிப் பூஞ்சை பிடிக்காது. ஸ்டவ் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே எரியக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மின்சாரம் எளிது: 12 வோல்ட் 12 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி, எடை ஒன்றரைக் கிலோ அளவு, ஒரு சிறு விசிறி, ஒரு எல்இடி பட்டை, பாட்டரி முனையருகே 5 ஆம்பியர் பியூஸ். பின்விளக்குக்கான நெகட்டிவ் ஒயரைத் தனியாக இழுக்க வேண்டும். கிரீஸும் மண்ணும் நிறைந்த ஹிட்ச் வழியாக மின்சாரம் நம்பகமாகப் போகாது.

முதல் ஓட்டத்துக்கு முன்

சாமான் முழுவதும் ஏற்றி, ஓட்டுபவர் ஏடிவி மேல் அமர்ந்த நிலையில் ஹிட்ச் உயரத்தை அளக்க வேண்டும். ட்ரெய்லர் மட்டமாகவோ மூக்கு 10, 20 மி.மீ. தாழ்ந்தோ நிற்கலாம், உயர்ந்து நிற்கக் கூடாது. குளியலறைத் தராசு ஒன்றை அதே உயரத்துக்குக் கட்டைகளால் ஏற்றி, டிராபார் நுனியை அதன்மேல் வைத்தால் கொக்கிச் சுமை தெரியும். 18க்கும் 27க்கும் இடையே இல்லையென்றால் முதலில் தண்ணீர் கேனை நகர்த்துங்கள், ஆக்ஸிலை அல்ல. ஆக்ஸில் பிராக்கெட்டில் 50 மி.மீ. இடைவெளியில் மூன்று ஜோடித் துளைகள் விட்டிருந்தால் அதுவும் முடியும், 50 மி.மீ. நகர்த்தினால் 3 கிலோ வாக்கில் மாறும்.

பெட்டியின் பின்பக்கத்தைத் தாங்கும் கால்கள் இரண்டையும் இறக்காமல், ஏடிவியிலிருந்து கழற்றிய வண்டிக்குள் யாரும் ஏறக் கூடாது. 75 கிலோ ஆள் பின்பக்கம் உட்கார்ந்ததும் டிராபார் எழும்பி முன்னால் நிற்பவரின் தாடையைப் பதம் பார்க்கும்.

முதல் 10 கிலோமீட்டர் மணிக்கு 15ஐத் தாண்டாமல் போய், நின்று, ஹப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கம் அதிகம். சக்கர நட், எட்டு போல்ட், சுழல் ஹிட்ச்சின் காசில் நட் ஆகியவற்றை மறுபடி இறுக்கி, முன் குறுக்குச் சட்டத்தின் வெல்டிங் ஓரத்தைத் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பெயின்ட்டில் தலைமுடி போல ஒரு பழுப்புக் கோடு தெரிந்தால், அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது.